மிருதங்கத்தின் மேல் ஒரு பிடி மணல்

குறுக்குத்துறையில் நீராடித் திரும்பும்போது தாமிரபரணி மணலில் ஒரு பிடி எடுத்து வாருங்கள். நன்றாகக் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானி ஒருவர் ரசித்துச் செய்த சோதனைக்கு இதுவும் ஒரு மிருதங்கமும் போதும்.

சீரான தோல் போர்த்திய வட்டப் பறையைத் தட்டினால், அடிப்படைச் சுரத்துடன் எழும் மேற்சுரங்களின் அதிர்வெண்கள் ஏறக்குறைய 1.59, 2.14, 2.30 மடங்காக அமைகின்றன. முழு எண் விகிதம் இல்லாததால் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் இனிய சுரம் தருகிறதே, ஏன்?

இக்கேள்வி சர் சி. வி. இராமனை ஈர்த்தது. கல்கத்தாவில் இருந்தபோது, 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930-இல் நோபல் பரிசு பெற்ற பின்னும் ஆர்வம் குறையவில்லை. 1934-இல் விரிவான கட்டுரை எழுதினார். தோலின் மீது மணலைத் தூவித் தட்டினால், அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகும். அதிராத கோடுகளில் சேர்ந்து கோலமிடும். எந்தச் சுரத்துக்கு எந்தக் கோலம் என்று அவர் கண்டறிந்தார். நடுவிலுள்ள கரிய பூச்சின் எடையே மேற்சுரங்களை 2, 3, 4, 5 மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்துகிறது!

வித்துவானிடம் அனுமதி பெற்று நீங்களும் செய்து பாருங்கள். வலந்தலை மேலே இருக்கும்படி மிருதங்கத்தை நிறுத்தி மணலைத் தூவுங்கள். விளிம்பருகே ஒரு விரலால் மெல்லத் தொட்டு, கால் வட்டம் தள்ளித் தட்டுங்கள். விரல் வழியே செல்லும் விட்டத்தில் மணல் சேரும். விரலை நகர்த்தினால் கோடும் நகரும்.

பௌதிக நூல் எதையும் படிக்காமல், காதை மட்டும் நம்பி இப்பூச்சை அமைத்த கைவினைஞரையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.