தோள்பட்டைக்கு அடியில் ஒரு சாதுக் கட்டி

தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே மிக மெதுவாக வளரும் மென்திசுக் கட்டிக்கு எலாஸ்டோஃபைப்ரோமா டார்சி என்று பெயர். இது புற்றுநோய் அல்ல. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வருகிறது. பலருக்கு வலியோ வீக்கமோ தெரிவதில்லை. நுரையீரலையோ இதயத்தையோ பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் முதன்முதலில் கண்ணில் படுகிறது. அறிக்கையில் 'கட்டி' என்ற சொல்லைப் படித்ததும் குடும்பமே கலங்கிப்போகிறது. அந்தக் கலக்கத்துக்குப் பெரும்பாலும் அவசியம் இல்லை.

பின்லாந்தின் யார்வி, சாக்சேன் என்ற இரு நோய்க்குறியியல் மருத்துவர்கள் 1961இல் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். வெகு அரிதானது என்றே முதலில் எண்ணப்பட்டது. 1975இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது: 55 வயதைக் கடந்த பெண்களில் 24 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 11 சதவீதம் பேருக்கும் இத்தகைய திசு மாற்றம் இருந்தது. ஆனால், முதியவர்களின் மார்பு சி.டி. படங்களை அலசி 1998இல் வெளியான ஆய்வில் 2 சதவீதம் பேரிடமே இது தென்பட்டது. மிகச் சிறியவை படத்தில் தெரிவதில்லை. பெரியவையும் பக்கத்துத் தசையைப் போலவே தோன்றுவதால் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான விடை இல்லை. கை அசையும்போதெல்லாம் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் உராய்வதே காரணம் என்பது பழைய கருத்து. ஜப்பானின் ஒகினாவா தீவில் 170 நோயாளிகளை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்ப வழித் தொடர்பு இருப்பதைக் காட்டியது. உராய்வோடு பரம்பரையும் சேர்ந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

ஸ்கேனில் இதை அடையாளம் காட்டுவது முதலில் அதன் இடம். முதுகுப் பக்கம், ஆறாவது முதல் எட்டாவது விலா வரையிலான பகுதியை ஒட்டி, தசைகளுக்கு அடியில் குவிவில்லை வடிவில் படிந்திருக்கும். சுற்றிலும் தெளிவான உறை இருக்காது. தசையின் அடர்த்தியுள்ள திசுவுக்குள் கொழுப்பு கோடுகோடாக ஓடியிருக்கும். பல சமயம் இரண்டு பக்கமும் இருக்கும்; ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கலாம். இத்தனையும் பொருந்திவந்தால், அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் ஊசி குத்தாமலே சொல்லிவிட முடியும்.

உண்மையான சிக்கல் ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான் எழுகிறது. பெட் ஸ்கேனுக்காகச் செலுத்தும் சர்க்கரை போன்ற மருந்தை இந்தக் கட்டியும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பழைய நோய் பரவிவிட்டதோ என்ற ஐயம் வரும். அங்கே பெரிதும் உதவுவது பழைய ஸ்கேன் படங்கள். அதே இடத்தில் அதே உருவம் சில ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால் ஐயம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். பழைய படங்களைப் பத்திரப்படுத்தி எடுத்துச் செல்வது, தேவையற்ற பயாப்சியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றக்கூடும்.

மார்புச் சுவரில் தற்செயலாகத் தென்படும் இன்னொன்று லிப்போமா என்னும் கொழுப்புக்கட்டி. சி.டி. அளவுகோலில் தண்ணீரின் மதிப்பு பூஜ்யம். கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி இருக்கும். கட்டி முழுவதும் அந்த மதிப்பே இருந்தால் கவலை இல்லை. உள்ளே தடித்த தடுப்புகளோ திடமான முடிச்சுகளோ தெரிந்தால் லிப்போசார்கோமா என்ற புற்றுநோய் அல்ல என்று உறுதி செய்தாக வேண்டும். விலா இடை நரம்புகளில் வளரும் ஸ்வான்னோமா என்ற கட்டி வழவழப்பான விளிம்போடு உருண்டையாக இருக்கும்.

எலாஸ்டோஃபைப்ரோமா ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், அளவை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. வேகமாக வளர்வது, விலா எலும்பை அரிப்பது, வழக்கமில்லாத இடத்தில் இருப்பது, கொழுப்புக் கோடுகள் தெரியாதது ஆகியவை இருந்தால் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்பட்டால் பயாப்சியும் செய்வார்கள். திசுவுக்குத் தனிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், தடித்து மணிமணியாக உடைந்த மீள்நார்கள் தெரியும்.

சிலருக்குக் கையை முன்னே நீட்டும்போது கட்டி புடைக்கும்; தொங்கவிட்டால் எலும்புக்கு அடியில் மறையும். தோளை அசைத்தால் 'டக்' என்ற சத்தமோ வலியோ வரலாம். தொந்தரவு தாங்க முடியாதபோதுதான் அறுவைச் சிகிச்சை. எடுத்த இடத்தில் நீரோ இரத்தமோ தேங்குவது அதன் முக்கியமான பின்விளைவு. முழுமையாக அகற்றினால் மீண்டும் வருவது அரிது. தொந்தரவு இல்லாதவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை.