மெயின்ஃப்ரேமா... ஐயையோ!

"ஜாவா கேட்டேன் மச்சி, மெயின்ஃப்ரேம்ல தள்ளிட்டாங்க!" கேம்பஸில் செலக்ட் ஆகி, சென்னைக்கு டிரெய்னிங் போகும் சிதம்பரம், கடலூர் பசங்களின் புலம்பல் இது. பழசுன்னு ஒதுக்காதீங்க பாஸ். 1985-ல் டெல்லியில் தொடங்கிய ரயில்வே கம்ப்யூட்டர் ரிசர்வேஷனே வாக்ஸ் மினி கம்ப்யூட்டரில் ஓடியதுதான். 1964-ல் வந்த ஐ.பி.எம். சிஸ்டம்/360-ன் வாரிசுகள் இன்றும் வங்கிகளில் கணக்குப் பார்க்கின்றன.

வீட்டு பி.சி.யிலேயே பழகலாம். 'ஹெர்குலிஸ்' என்ற இலவச எமுலேட்டரில் பழைய எம்.வி.எஸ். 3.8 ஓடும். முதலில் ஜே.சி.எல். படிங்க. வேலைக்குப் பெயர் வைக்க ஜாப், எந்த புரோகிராம் என்று சொல்ல எக்ஸெக், எந்த ஃபைல் என்று காட்ட டி.டி. முக்கியமானது இந்த மூணுதான். வரி ஆரம்பத்தில் இரண்டு சாய்வுக்கோடு போடணும்; ஒண்ணு விட்டால் அந்த வரியை வெறும் டேட்டா என்று நினைத்துக்கொள்ளும்!

முதல் ஜாப்பில் ஐ.இ.எஃப்.பி.ஆர்.14-ஐக் கூப்பிடுங்க. எதுவுமே செய்யாத புரோகிராம் அது (நம்ம கடைசி பெஞ்ச் மாதிரி). ஆரம்பத்தில் அதில் இருந்தது ஒரே ஒரு கட்டளை. அதிலும் பிழை இருந்து, பிறகு திருத்தினாங்க!