உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கும் உண்டு காப்பகம்

2030-க்குள் உலகக் கடற்பரப்பில் 30 விழுக்காட்டையாவது காப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. தமிழ்நாடு அந்த விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல்.

மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு, கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்த தடம் கடலடி மணலில் வாய்க்கால்போல நீளும்.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா இந்தக் காப்பகத்துக்கு மூத்தது, 1986-இல் வந்தது. அதன் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம்.

நம்ம வடசென்னைச் சடையங்குப்பம் பக்கம்? வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம். ஆனால் எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றித் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்தக் கழிமுகத்தில் புகுந்தது. படகும் வலையும் கறுத்து, மீனவர்கள் பல நாள் தொழிலுக்கே போகவில்லை.