த்ரீ நொட் த்ரீ: ஒரு பழைய துவக்கை வாசிப்பது

என்னிடம் துவக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய இராணுவத் துவக்குகளில் எனக்கு ஈடுபாடு உண்டு என்று கேள்விப்படுகிறவர்கள் அடுத்த கேள்வியைக் குரல் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்: "ஊட்டுல ஒண்டு வச்சீக்கிறீங்களா?" இல்லை. என்னிடம் இருப்பது விரல் நீளத்தில் ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பி, ஒரு காக்கித் தோள்பட்டி, முனையில் பித்தளைக் குண்டு கட்டிய ஒரு கயிறு. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்பு, எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கடைக்கு நாற்காலி வாங்கப் போன வாப்பா ஒரு தகர டிரங்குப் பெட்டியையும் சேர்த்து வாங்கி வந்தார். மூன்றும் அதன் அடியில் கிடந்தவை. வீட்டில் யாருக்கும் அவை என்னவென்று விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் பாடசாலை கெடற் படையில் அதே குப்பியையும் கயிற்றையும் கையாண்டிருந்தேன்.

கெடற் படையில் எங்களுக்குத் தந்த துவக்குகள் வெடிக்காதவை. அடிக்கட்டையிலும் இரும்பிலும் 'டீ.பி.' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தியிருந்தன. பயிற்சிக்கு மட்டும் என்று அர்த்தம். இப்படி ஒதுக்கும் துவக்கின் ஊசி முனையைத் தேய்த்துவிடுவார்கள், சிலவற்றில் குழலின் அடியிலே துளையும் போடுவார்கள். நாலு கிலோப் பாரம். பதினைந்து வயதுப் பையன் அதைத் தோளில் வைத்து மைதானத்தை மூன்று சுற்று ஓடினால் வாழ்நாளில் மறக்கமாட்டான். என் கைக்கு வந்ததன் பிடியருகே ஒரு கிரீடமும், அதன் கீழே ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கும் 'ஜீ.ஆர்.' என்ற எழுத்துகளும், 1918 என்ற வருடமும் இருந்தன. எங்கள் சார்ஜன்ட் சொன்னது ஞாபகமிருக்கிறது: "தம்பி, இது உங்கட வாப்பாவை விட மூத்தது. மரியாதையாப் பிடி."

நாம் 'த்ரீ நொட் த்ரீ' என்று சொல்லுவது துவக்கின் பெயரல்ல, குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு, ஏறத்தாழ 7.7 மில்லிமீற்றர். துவக்கின் பெயர் லீ-என்ஃபீல்ட். லீ என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்கொட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை பார்த்தவர். ரவைகள் அடுக்கும் பெட்டியும் அவற்றை உள்ளே தள்ளும் போல்ட்டும் அவருடைய அமைப்பு. என்ஃபீல்ட், லண்டனுக்கு வடக்கே அரச துவக்குத் தொழிற்சாலை இருந்த ஊர். முதல் லீ-என்ஃபீல்ட் 1895இல் வந்தது. அது நீளமானது. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் பட்ட பாட்டுக்குப் பிறகு, குதிரைப்படைக்கு ஒன்று காலாட்படைக்கு ஒன்று என்று வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குட்டைத் துவக்கு போதும் என்று முடிவானது. 1907இல் வந்த 'மார்க் 3' அந்த வரிசையில் பேர்போனது. 113 சென்றிமீற்றர் நீளம், பெட்டியில் பத்து ரவை. இரண்டு உலக யுத்தங்களிலும் பிரித்தானியக் கொடியின் கீழ் நின்ற படைகளிடம் இது இருந்தது. இலங்கையில் பொலிஸ்காரர் தோளில் எண்பதுகளிலும் இதன் குடும்பத்தைப் பார்த்தோம். இந்தியாவில் உத்தரப்பிரதேசப் பொலிஸ் 2020 ஜனவரியில்தான் விழா எடுத்து இதற்கு விடைகொடுத்தது.

இனி வாசிப்புக்கு வருவோம். பழைய துவக்கில் ஈடுபாடுள்ளவர்கள் பெரும்பாலும் சுடுவதில் ஈடுபாடுள்ளவர்கள் அல்லர். பழைய ஓலையைப் பிரிக்கிறவர்கள் மாதிரி, அவர்களும் எழுத்துத் தேடுகிறவர்கள்தான்.

முதலில் பார்க்க வேண்டிய இடம், அடிக்கட்டை இரும்போடு சேரும் வளையம். வலப்பக்கத்தில் கிரீடம், மன்னரின் எழுத்து, செய்த இடம், வருடம், மாதிரி எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். என்ஃபீல்ட் என்றிருக்கலாம், பர்மிங்ஹாமின் பீ.எஸ்.ஏ. கம்பெனி என்றிருக்கலாம். அவுஸ்திரேலியாவின் லித்கோ, கல்கத்தாவுக்கு அருகே ஈஷாப்பூர் ஆகிய இடங்களிலும் செய்தார்கள். ஈஷாப்பூர்த் துவக்கில் ஒரு தேசத்தின் கதையே இருக்கிறது. முந்தியதில் கிரீடம், குடியரசான பின்பு அதே தொழிற்சாலை, அதே அச்சு, ஆனால் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள். துவக்கு மாறவில்லை, உடையவன் மாறினான்.

அடுத்தது கோழிக்கால். மூன்று கோடு கொண்ட அந்த அம்புக்குறி அரச சொத்துக்கு அடையாளம். என் எண்ணெய்க் குப்பியிலும் அது இருக்கிறது. அம்பின் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசின் பொருள். இரண்டு அம்புகள் முனைக்கு முனை முட்டிக்கொண்டு நின்றால், படை அதை விற்றுக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் 'சர்ப்ளஸ்' என்கிற உபரித் துவக்கின் பிறப்புச் சான்று அந்த இரட்டை அம்பு.

பிறகு இலக்கம். போல்ட்டின் கைப்பிடியிலும் துவக்கின் உடம்பிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். இது அழகுக்காகச் சொல்வதல்ல. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடம்புக்கு மட்டம் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். வேறொன்றைத் திணித்துச் சுட்டால் ரவையின் அடிப்பகுதி கிழிந்து சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கலாம். நூறு வருடங்களில் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை பட்டறையில் கழற்றிப் பூட்டியிருப்பார்கள்! இலக்கங்கள் ஒத்துப்போகும் துவக்குக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம் என்பதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடிக்கட்டையின் பக்கத்தில் பதித்த சின்னப் பித்தளை வட்டம். பழையவற்றில்தான் இருக்கும். எந்தப் படைப்பிரிவின் எத்தனையாவது துவக்கு என்று அதில் வெட்டுவார்கள். யுத்த அவசரத்தில் செலவைக் குறைக்கப் பின்னாளில் அதை விட்டுவிட்டார்கள். ஆட்களையும் துவக்கையும் இணைத்துச் சொல்கிற ஒரே இடம் அதுதான். முதலில் தொலைவதும் அதுதான்.

பேணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ரவைகளின் கேப்பில் இருந்த இரசாயனம் சுட்டபின் குழலுக்குள் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் அப்படி ஓரிரவு விட்டால் காலையில் குழலில் துரு. எண்ணெய் மட்டும் போட்டுப் பயனில்லை; முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு குண்டு கட்டிய கயிற்றைக் குழலுக்குள் இறக்கி, மறுமுனையில் ஃபிளனல் துணித் துண்டைக் கோத்து இழுக்க வேண்டும். கடைசியில் குப்பி எண்ணெய். இரும்புக்கு அன்று ரங்கூன் எண்ணெய் என்ற ஒன்று இருந்தது, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். கயிறும் குப்பியும் அடிக்கட்டைக்குள்ளேயே ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் பழைய மரத்தை உரசி வார்னிஷ் பூசமாட்டார்கள், இரும்பை மினுக்கமாட்டார்கள். மினுக்கினால் எழுத்து போய்விடும். எழுத்து போனால் மிச்சம் விறகும் இரும்பும்.

இந்தச் சேகரிப்புப் பழக்கம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஐரோப்பியப் படைகள் பழைய துவக்குகளை மலிவு விலைக்குத் தள்ளின. சாமுவேல் கமிங்ஸ் போன்ற வியாபாரிகள் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். பத்திரிகை விளம்பரத்தை வெட்டிப் பணத்தோடு அனுப்பினால் தபாலில் துவக்கு வரும். 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதும் அப்படித் தபாலில் வந்த இத்தாலிய உபரித் துவக்குதான். தூரநோக்கியோடு அதன் விலை 19 டொலர் 95 சதம். 1968இல் சட்டம் போட்டுத் தபால் விற்பனையை நிறுத்தினார்கள். அலமாரியில் மாட்டி ரசிக்கிற பொருளும் கொலைக்கருவியும் ஒன்றேதான் என்பது அவர்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

நம் மலைநாட்டில் கதை வேறு. இங்கே இராணுவத் துவக்கு உபரியாகக் கடைக்கு வரவில்லை, துரைமாரின் தோளில் வந்தது. 1900இல் தோட்டத்துரைமார் சேர்ந்து 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர்' என்ற தொண்டர் படையை அமைத்தார்கள். ஐரோப்பியர் மட்டும். லயத்துப் பிள்ளைகளுக்கோ கடைத்தெரு முஸ்லிம்களுக்கோ அதில் இடமில்லை. போயர் யுத்தத்துக்குப் போனார்கள். 1914இல் இருநூறுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறி, அடுத்த வருடம் கலிப்பொலியில் நின்றார்கள். 1949இல் இலங்கை இராணுவம் உருவானபோது அந்தப் படை கலைக்கப்பட்டது. நமது பக்கத்திலும் படைமரபு இல்லாமலில்லை. மலாய் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த 'சிலோன் ரைஃபிள் ரெஜிமென்ட்' 1873 வரை இருந்தது. ஆனால் த்ரீ நொட் த்ரீ வந்தபோது அந்த ரெஜிமென்ட் பழங்கதை.

கலிப்பொலிக்குப் போகாமல் தோட்டங்களில் தங்கிய துரைமார் 1915 ஜூனில் எங்கே நின்றார்கள் என்பதுதான் நமக்குரிய கேள்வி. அந்த வருடம் வெசாக் இரவில் கண்டியில் பள்ளிவாசல் முன்னால் தொடங்கிய கலவரம் சில நாட்களில் சப்ரகமுவவுக்கும் இறங்கியது. கேகாலைப் பக்கத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. அது ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. கொழும்பிலிருந்த 28ஆவது பஞ்சாபிப் படையை அனுப்பினார்கள், தொண்டர் படைத் துரைமாரும் இறங்கினார்கள்.

மூத்தாப்பாவுக்கு அப்போது பத்து வயது. கடையை உடைத்த இரவு, குடும்பத்தோடு பக்கத்து ஊர்ச் சிங்களக் குடும்பமொன்றின் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். மூன்றாம் நாள் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டதாம். "பஞ்சாபிப் பட்டாளம் வந்திட்டுது எண்டு உம்மா அழுதா மகன், சந்தோஷத்துல. அந்தச் சத்தத்துலதான் நாங்க உசிரோட ஈக்கிறம்" என்று செல்லுவார். நம்மவர் வீடுகளில் 1915 இப்படித்தான் ஞாபகமிருக்கிறது.

வெகுகாலத்துக்குப் பிறகு, மூத்தாப்பா வபாத்தான பின், பரண் கொடுத்த அந்த வீட்டின் பேரனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர்கள் வீட்டிலும் அதே நாட்களின் வெடிச்சத்தம் ஒன்று ஞாபகத்தில் இருந்தது. அவருடைய பாட்டனாரின் தம்பி கித்துல் மரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் சூடுபட்டு இறந்தார். கடை எரித்தவரல்ல, அண்ணன் பரணில் முஸ்லிம்களை ஒளித்து வைத்திருப்பது தெரிந்தும் வாய் திறக்காதவர். யார் சுட்டார்கள் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

கேகாலை மாவட்டத்தில் விசாரணையின்றி நடந்த துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி, பின்னால் வந்த ஆளுநர் சேர் ஜோன் அண்டர்சன் காலத்தில் ஆணைக்குழு வைத்து விசாரித்தார்கள். பொன்னம்பலம் இராமநாதன் இராணுவச் சட்டக் கொடுமைகளைச் சட்டசபையில் எடுத்துப் பேசியதோடு புத்தகமாகவும் எழுதினார். நம்மவர்களில் பலர் அந்தப் புத்தகத்தின் மேல் கோபப்பட்டார்கள். எரிந்த கடைகளைப் பார்த்தவர்களின் கோபம் அது, காரணமில்லாததல்ல. ஆனாலும் அந்தப் பேரனோடு பேசிய பிறகு, துவக்கின் எழுத்துகளை வாசித்துவிட்டேன் என்று என்னால் முன்போல் சொல்ல முடியவில்லை. செய்த இடம், வருடம், மன்னர் பெயர், இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். யாரைக் காத்தது, யாரை விழுத்தியது என்பது இருக்காது. அதற்கு இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த வருடம், 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் அதுதான் அடிப்படை. அனுமதிப்பத்திரம் வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பன்றிக்கும் குரங்குக்கும் பயிரைக் காக்க விவசாயிக்குக் கிடைப்பது சொட்கன். நினைவுப்பொருளாகவென்று த்ரீ நொட் த்ரீயைச் சுவரில் மாட்டிவைக்க இந்த நாட்டில் வழியில்லை. முன்பு இதை ஒரு குறையாக நினைத்தேன். 1971 ஏப்ரலைக் கண்ட கேகாலைக்காரன் அப்படி நினைப்பது சரியல்ல என்று பின்னால் பட்டது. அன்று கிளர்ச்சிக்காரப் பையன்கள் வீடு வீடாக வந்து கேட்டது சொட்கன்களைத்தான். மாவட்டத்தின் பல பொலிஸ் நிலையங்களைத் தாக்கியதும் அவற்றையும் கைக்குண்டையும் வைத்துத்தான். துவக்கு வைத்திருந்த வீட்டுக்கு முதல் இரவு ஒரு தரப்பு வந்தது, அடுத்த பகல் மறுதரப்பு வந்தது.

ஆகவே பழைய பங்களாவிலோ கடைப் பரணிலோ துருப்பிடித்த துவக்கொன்றைக் கண்டெடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போல்ட்டை இழுத்துப் பார்க்காதீர்கள், ரவை போட்டுப் பார்க்கவே வேண்டாம், விலை பேசாதீர்கள். பழையது என்பதால் அது துவக்கில்லாமல் போய்விடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள். அவர்கள் எடுத்துப் போகும்போது பிடியருகே உள்ள எழுத்துகளையும் இலக்கத்தையும் அந்தப் பித்தளை வட்டத்தையும் ஒரு கடதாசியில் எழுதித்தரக் கேளுங்கள். கூடவே அந்த வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். துவக்கை உருக்கிவிடுவார்கள். கடதாசி மிஞ்சும்.

போன வருடம் அந்தப் பேரன் வீட்டுக்கு வந்திருந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். தோள்பட்டியில் மையால் எழுதிய இலக்கம் ஒன்று இருக்கிறது, முதல் இரண்டு எண்கள்தான் தெரிகின்றன. அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகி முகர்ந்தார்.

"இது தையல் மெஷின் எண்ணெய் வாசமல்லவா?" என்றார்.

ஆமாம். உம்மா இருபது வருடம் அதைத் தன் சிங்கர் மெஷினுக்குத்தான் வைத்திருந்தார்.