மைசூர் அரசியர் மூவர் (ஓவியம்)

மைசூர் அரசியர் மூவர் என்பது, கி.பி. 1805 ஆம் ஆண்டளவில் அயர்லாந்து நாட்டு ஓவியரான தாமஸ் ஹிக்கி என்பவரால் வரையப்பட்ட எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். மைசூர் உடையார் அரச குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்களை இது காட்டுவதாகக் கருதப்படுகிறது. நெடுங்காலமாக நாட்டியப் பெண்களின் படம் என்றே எண்ணப்பட்டு வந்த இவ்வோவியம், இன்று இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பூசி பரவிய வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

பின்னணி

1761 இல் ஐதர் அலி மைசூரின் ஆட்சியதிகாரத்தைக் கைப்பற்றிய பின்னர், உடையார்கள் பெயரளவிலேயே அரசர்களாக இருந்தனர். இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவியான இலட்சுமி அம்மணி, அரசுரிமையை மீட்பதற்காகச் சென்னையிலிருந்த ஆங்கிலேயருடன் இரகசியமாகத் தொடர்பு கொண்டு வந்தார். 1782 இல் திருமலை ராவ் என்பவர் மூலம் அவர்களுடன் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டார். 1799 மே 4 இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொல்லப்பட்டதும், ஐந்து வயது கூட நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் அமர்த்தப்பட்டார். பூர்ணையா திவானாக இருந்து ஆட்சியை நடத்தினார். அரண்மனையில் பாட்டியார் இலட்சுமி அம்மணியின் சொல்லே செல்லும். 1805 இல் இளம் அரசருக்குத் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 11 மட்டுமே. மணப்பெண்கள் இருவரின் பெயரும் தேவாஜம்மணி என்பதே.

பெரியம்மையும் தடுப்பூசியும்

எட்வர்டு ஜென்னர் 1796 இல் செய்து காட்டிய பசு அம்மைத் தடுப்பூசி, 1802 ஜூன் 14 அன்று மும்பையில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. இந்தியாவில் இத்தடுப்பூசியைப் பெற்ற முதல் ஆள் இக்குழந்தையே. குளிர்பதன வசதி இல்லாத அக்காலத்தில், ஊசி போடப்பட்டவரின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்தவரின் கையில் கீறி ஏற்றுவதே வழக்கம். இப்படிக் கைக்குக் கை மாறியே அது செங்கல்பட்டு, சென்னை முதலிய இடங்களையும் பின்னர் மைசூரையும் அடைந்தது.

மக்கள் தயங்கியதற்கு இம்முறையும் ஒரு காரணம். யாருடைய கையிலிருந்தோ வரும் நீரைத் தம் உடலில் ஏற்றிக்கொள்ளச் சாதிக் கட்டுப்பாடு மிக்க சமூகம் எளிதில் உடன்படுமா? அம்மை நோயை அம்மனின் செயலாகக் கொண்டு வழிபட்டு வந்ததும், ஏற்கெனவே அம்மை குத்தும் பழைய முறை வழக்கில் இருந்ததும் பிற காரணங்கள். எனவே மக்களை இணங்கச் செய்யப் பல வழிகள் கையாளப்பட்டன. எல்லீசன் என்று தமிழ்ப் புலவர்கள் அழைத்த சென்னை அதிகாரி எல்லிஸ், இதற்கெனத் தமிழில் ஒரு கதையே எழுதினார்.

ஓவியத்தில் காணப்படுவன

வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் 1991 இல் ஒரு கண்காட்சியில் இவ்வோவியத்தைக் கண்டார். 2001 இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை இதற்குப் புதிய விளக்கம் அளித்தது. வலப்புறம் நிற்பவர் இளைய அரசி. வழக்கமாகச் சேலையால் மறைந்திருக்க வேண்டிய அவரது இடக்கை வெளியே தெரிகிறது. அக்கையில் ஊசி போட்ட இடத்தை அவர் சுட்டிக் காட்டுகிறார். இடப்புறம் நிற்பவர் மூத்த அரசி. அவரது மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் நிறம் மாறியுள்ளது. அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஊதும் பழைய முறையின் அடையாளம் அது என்பது சான்சலரின் கருத்து. அவ்வாறாயின் பழைய முறையும் புதிய முறையும் ஒரே ஓவியத்தில் அருகருகே நிற்கின்றன எனலாம். நடுவில் இருப்பவர் பெரியம்மைக்குத் தம் கணவரைப் பறிகொடுத்த இலட்சுமி அம்மணி என்றும், அவரது இசைவின்றி அரண்மனைப் பெண்கள் ஓர் ஐரோப்பியர் முன் நின்றிருக்க முடியாது என்றும் அவர் கூறுகிறார்.

இவ்வடையாளப்படுத்தல் சூழ்நிலைச் சான்றுகளையே சார்ந்தது. எனினும் அவை வலுவற்றவை அல்ல. தலையணியும் கனத்த பொற்கைப்பட்டைகளும் உடையார் குல அரசியருக்கு உரியவை. ஹிக்கி அதற்கு முன்பே மைசூர் அரசவையினரைப் படமாக வரைந்தவர். தேவாஜம்மணி ஊசி போட்டுக்கொண்டது மக்களிடையே நல்ல விளைவை ஏற்படுத்தியதாக 1806 ஜூலை மாதத்து அரசவைக் குறிப்பு ஒன்றும் உள்ளது.

அக்காலத்தில் ஐரோப்பிய ஓவியர் எதிரே முகம் காட்டி நின்ற இந்தியப் பெண்கள் பெரும்பாலும் ஆடல் மகளிரே. ஆதலால் இவர்களையும் அவ்வாறே கருதிவிட்டனர் போலும்.

ஐரோப்பிய அரசவைப் படங்கள்

அரச குடும்பத்தார் அவை மகளிரைப் படமாக வரையச் செய்வது ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. 1660களில் இங்கிலாந்தில் யார்க் கோமகள் ஆன் ஹைடு, பீட்டர் லீலியைக் கொண்டு இத்தகைய படவரிசை ஒன்றை வரைவித்தார். பவேரியா மன்னர் முதலாம் லுட்விக்குக்காக யோசப் ஸ்டீலர் வரைந்த 36 படங்களில் செருப்புத் தைப்பவரின் மகள் ஒருவரும் இடம்பெற்றுள்ளார். ஆனால் அவை அழகைக் காட்டுவதற்காகவே வரையப்பட்டவை.

பிற்காலம்

இலட்சுமி அம்மணி 1810 இல் காலமானார். ஹிக்கி 1816 இல் காலின் மெக்கன்சியை அவருடைய இந்திய உதவியாளர்களுடன் வரைந்தார். 1824 இல் சென்னையிலேயே இறந்தார். அரசியர் ஓவியம் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 2007 இல் சோதபி நிறுவனத்தின் மூலம் விற்பனைக்கு வந்தது.