பாராதைராய்டில் கருப்பருவ எச்சங்கள்

நம் கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டினாற்போல், அரிசி மணியளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. இவையே பாராதைராய்டு சுரப்பிகள். இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இவற்றின் பணி. தேர்வுக்குப் படிக்கும் நமக்கு இவை இரண்டு மதிப்பெண் வினா, அவ்வளவே. நானும் அப்படித்தான் இருந்தேன். கருவியல் வகுப்பில் பேராசிரியர், "கீழே இருப்பது மேலிருந்து வந்தது, மேலே இருப்பது கீழிருந்து வந்தது" என்று கூறிய ஒரு சொல்தான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், இச்சுரப்பியைக் கண்டு குறித்து வைத்தார். மனித உடலில் இதைக் கண்டு 1880இல் விரிவாக எழுதியவர் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். கண்டுபிடித்தபோது அவர் ஒரு மருத்துவ மாணவர். (நண்பர்கள் இவ்வரியை இருமுறை படிக்கலாம்!)

பேராசிரியர் சொன்னதன் பொருள் இதுதான். கரு வளரும் ஐந்தாம், ஆறாம் வாரங்களில் தொண்டையின் இருபுறமும் பைகள் போன்ற மடிப்புகள் தோன்றுகின்றன. மீனாயின் அங்கே செவுள்கள் அமையும். நமக்கோ மூன்றாம் பையிலிருந்து தைமஸ் சுரப்பியும் கீழ்ப் பாராதைராய்டும், நான்காம் பையிலிருந்து மேல் பாராதைராய்டும் உருவாகின்றன. பிறகு தைமஸ் மார்பை நோக்கி இறங்குகிறது. போகும்போது தன்னுடன் பிறந்த பாராதைராய்டையும் இழுத்துச் செல்கிறது. நான்காம் பையின் சுரப்பியைத் தாண்டிச் சென்று, தைராய்டின் கீழ் முனையருகே அது பிரிந்து நின்றுவிட வேண்டும். பிரிவினை எப்போதும் சுத்தமாக நடப்பதில்லை. கூட்டுக் குடும்பத்திலும் அப்படித்தானே!

அதனால்தான் பாராதைராய்டை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், சிலருக்கு அதனுள்ளேயோ அருகிலோ தைமஸ் திசுத் துணுக்குகள் தென்படுகின்றன. கூர்ஸ்டைனர் கால்வாய்கள் எனப்படும் நுண்குழாய்களும் கருப்பருவத்தின் மிச்சங்களே. அவை சில வேளை நீர்ப்பைகளாகப் பெருக்கும். அரிதாக உமிழ்நீர்ச் சுரப்பித் திசுவும் காணப்படுவதுண்டு. முதலில் இது எனக்கு விந்தையாகத் தோன்றியது. ஆனால் எல்லாம் தொண்டைப் பகுதியின் உறவினர்தாம் என்று எண்ணினால் வியப்பு அடங்கிவிடுகிறது. மீன்களுக்குப் பாராதைராய்டு இல்லை. ஆயினும் அச்சுரப்பியை உருவாக்கும் மரபணு மீனின் செவுள்களில் செயற்படுவதை லண்டன் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினர்.

துணுக்கு தங்குவதால் பெரும்பாலும் தீங்கில்லை. சுரப்பியே இடம் மாறித் தங்கினால்தான் ஆபத்து. சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவரின் கதை அத்தகையது. பாராதைராய்டு மிகையாகச் சுரந்து எலும்புகளின் கால்சியத்தைக் கரைத்தது, எலும்புகள் முறிந்தன, உயரமே சுமார் 7 அங்குலம் குறைந்தது. 1926 முதல் ஆறு அறுவை சிகிச்சைகளிலும் குற்றவாளிச் சுரப்பி அகப்படவில்லை. அவரே உடற்கூறு நூல்களைப் படித்து, மார்பைத் திறந்து பார்க்கும்படி வற்புறுத்தினாராம். 1932இல் பாஸ்டன் நகரில் நடந்த ஏழாவது சிகிச்சையில் கட்டி மார்புக்குள்ளே கிடைத்தது. ஆனால் நோய் முன்பே சிறுநீரகக் கற்களை உண்டாக்கியிருந்தது. அவற்றால் நேர்ந்த சிக்கலில் சில வாரங்களிலேயே அவர் மறைந்தார்.

இன்று கீழ்ப் பாராதைராய்டு உரிய இடத்தில் காணப்படாவிட்டால், அறுவை மருத்துவர்கள் தைமஸ் இறங்கிய வழியே தேடிச் செல்கின்றனர்.