உடைக்கலை மாணவியும் பாரிஸ் மாநகரும்

ஐரோப்பிய நகரங்களுள் உடை நாகரிகத்துக்குப் பெயர்போனது பாரிஸ் மாநகரம். தையலும் உடை வடிவமைப்பும் பயிலும் மாணவ மாணவியர் பல நாடுகளிலிருந்தும் அங்கு சென்று வருகின்றனர். நான்கைந்து நாட்களே தங்கக்கூடிய, கையில் அளவான பணமே உடைய ஒரு மாணவி அந்நகரில் எவற்றைக் காணவேண்டும் என்பது சற்றுச் சிந்திக்கத்தக்கது. வழிகாட்டி நூல்கள் காட்டும் பாரிஸ் ஒன்று. ஊசி பிடிப்பவர் காணவேண்டிய பாரிஸ் மற்றொன்று.

ஐபெல் கோபுரத்தையும், செயின் நதிப் பாலங்களையும், 2019ஆம் ஆண்டு தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பெற்ற நோத்ர தாம் பேராலயத்தையும் முதல் நாளிலேயே கண்டு மகிழலாம். அவற்றை விளக்க வேறு பலர் உளர். மாணவியின் பயணம் உண்மையில் தொடங்குவது இரண்டாம் நாள், வாந்தோம் சதுக்கத்திலிருந்து ஒபெரா நாடக மாளிகையை நோக்கிச் செல்லும் வீதியிலேயாம். அவ்வீதியின் பெயர் ரூ த லா பே. சமாதான வீதி என்பது பொருள். இன்று அங்கே நகைக் கடைகளே கண்ணைப் பறிக்கின்றன. ஆயினும் அவ்வீதியின் 7ஆம் இலக்க இல்லத்திலேதான், 1858ஆம் ஆண்டில், இன்றைய உடைத்தொழிலின் அமைப்பு உருவாகத் தொடங்கியது.

அதனைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். சார்ள்ஸ் பிரெடெரிக் வேர்த் என்பவர் இங்கிலாந்தின் லிங்கன்சயரில் பிறந்து, துணிக்கடைகளிற் சேவகம் புரிந்து, இருபது வயதளவிற் பாரிஸ் வந்து சேர்ந்தவர். அவருக்கு முன்னர், சீமாட்டிகள் தாமே துணி வாங்கித் தையற்காரியிடம் கொடுத்து, இன்னவாறு தை என்று கட்டளையிடுவது வழக்கம். வேர்த் அதனைத் தலைகீழாக மாற்றினார். உடையின் வடிவத்தை அவரே வகுத்தார். அதைத் தம் மனைவிக்கும் பிற பெண்களுக்கும் உடுத்திக் காட்டினார். வாடிக்கையாளர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து தம் அளவுக்குத் தைப்பித்துக்கொண்டனர். பேரரசி யூசெனியே அவரிடம் உடை பெற்றார். ஓவியன் தன் ஓவியத்திற் பெயர் பொறிப்பதுபோல, வேர்த்தும் தம் பெயர் நெய்த சிறு துணித்துண்டை உடையின் உட்புறத்தே தைத்து வைத்தார். உலகெங்கும் சட்டைக் கழுத்தின் உட்புறத்தே காணப்படும் பெயர்ச்சீட்டுக்கு அதுவே முன்னோடி.

பெயர்ச்சீட்டில் ஒருவர் பெயரே இருக்கும். உடையைத் தைத்தவரோ பலர். இதனை மனத்திற்கொண்டு நடந்தால் மாணவிக்கு அந்நகரம் வேறாகத் தோன்றும்.

பாரிஸின் பெரிய உடை நிலையங்களில் இருவகைத் தையற்கூடங்கள் உண்டு. மென்மையாகத் தொங்கும் உடைகளைத் தைப்பது ஒன்று. மேலங்கி முதலிய விறைப்பான உடைகளைத் தைப்பது மற்றொன்று. வடிவமைப்பவர் வரைந்த சித்திரத்தை முதலில் வெளுக்காத பருத்தித்துணியில் வெட்டி உருவாக்குவர். அதற்குத் துவால் என்று பெயர். அத்துணி மாதிரியில் எல்லாக் குறைகளும் நீங்கிய பின்னரே பட்டிலோ கம்பளியிலோ கத்தரி வைக்கப்படும். சித்திரம் வரைவது சில நிமிட வேலை. தட்டையான தாளிற் கண்டதை உடலின் வளைவுகளுக்கு ஏற்ப நிற்கச் செய்வதே வித்தை. அவ்வித்தை கூடத்தின் தலைவியிடமும், 'சிறுகைகள்' எனப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் தையற் பெண்களிடமும் உள்ளது.

முற்காலத்தில் இப்பெண்கள் மத்தியானத்தில் கூட்டங்கூட்டமாக வீதிக்கு வந்து, சிறிது உண்டு, உடனே வேலைக்குத் திரும்புவர். மத்தியானச் சிற்றுணவினர் என்னும் பொருள்பட அவர்களை 'மிதினெத்' என்று அழைத்தனர். பாடல்களும் கதைகளும் அவர்களை விளையாட்டுப் பெண்களாகவே காட்டின. 1917 மே மாதத்திலே, முதலாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஷான்ஸ் எலிசே வீதியில் ஓர் உடை நிலையத்தின் பெண்கள் வேலையை விட்டு வெளியேறினர். சனிக்கிழமைப் பிற்பகல் விடுமுறை உண்டு, ஆனால் அதற்குக் கூலி இல்லை என்று கூறப்பட்டதே காரணம். சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் அவர்களோடு சேர்ந்து பெருவீதிகளிற் பாடிக்கொண்டு ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டு ஜூன் 11ஆந் திகதி, உடைத்தொழிலிற் பெண்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வை வழங்கும் சட்டம் நிறைவேறியது. விளையாட்டுப் பெண்கள் என்று எழுதியவர்கள் அவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை போலும்.

அடுத்து மாணவி செல்லவேண்டிய இடம் ரிவோலி வீதியில், லூவ்ர் மாளிகையின் ஒரு சிறகில் அமைந்துள்ள அலங்காரக் கலைகள் நூதனசாலை. அங்கே 1945 மார்ச் மாதத்தில் ஒரு வியத்தகு காட்சி நடைபெற்றது. இரண்டாவது உலகப்போரின்போது ஜேர்மானியர் பாரிஸைக் கைப்பற்றியபின், அந்நகரின் உடைத்தொழிலை பேர்லினுக்கு மாற்ற எண்ணினர். உடை நிலையங்களின் சங்கத் தலைவராயிருந்த லூசியன் லெலோங் அதற்கு இணங்கவில்லை. ஒரு கூடத்தில் நூறு கைகள் சேர்ந்து பழகிய தொழிலை வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடமுடியாதென அவர் வாதாடினார். தொழில் பாரிஸிலேயே நிலைத்தது. ஆனால் நகரம் விடுதலை பெற்றபோது துணியும் இல்லை, நிலக்கரியும் இல்லை, வாங்குவோரும் இல்லை. அப்போது அந்நிலையங்கள், ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் உயரமுள்ள கம்பிப் பாவைகளைச் செய்து, அவற்றுக்கு உடை தைத்தன. பொத்தான்களும் பொத்தான் துளைகளும் கைப்பைகளும் பாதணிகளும் உண்மையானவை போன்றே, உரிய சிறு அளவில் ஆக்கப்பட்டன. கண்காட்சியின் வருமானம் போரால் நலிந்தோருக்குச் சென்றது. இலட்சம் பேரளவில் வந்து பார்த்தனர். பின்னர் அப்பாவைகள் கடல்கடந்து, இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் நூதனசாலையில் உள்ளன. பாரிஸிலே மாணவி காணக்கூடியது அக்காட்சி நடந்த மண்டபத்தையே. எனினும் துணியில்லாக் காலத்தில் ஒரு தொழில் தன் கைப்பழக்கத்தை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை அங்கே நின்று எண்ணிப் பார்க்கலாம்.

மொந்தேய்ன் வீதி 30ஆம் இலக்கத்தில், 1947 பெப்ரவரி 12ஆந் திகதி, கிறிஸ்தியன் தியோர் தமது முதலாவது உடைத் தொகுதியைக் காட்டினார். ஒடுங்கிய இடையும், பல யார் துணியை விழுங்கும் அகன்ற பாவாடையும் அதன் இலட்சணங்கள். துணிப் பங்கீட்டில் அல்லலுற்ற மக்களிற் சிலர் சீறினர், பலர் மயங்கினர். தியோருக்குப் பணம் கொடுத்தவர் மார்சல் பூசாக் என்னும் பருத்தியாலை அதிபர். அகன்ற பாவாடையால் ஆலை அதிபருக்கு நட்டம் இல்லை என்பதை மாணவி கவனித்துக்கொள்வது நன்று. அதே இல்லத்தில் 2022 முதல் ஒரு காட்சிக்கூடம் நடைபெறுகிறது. பெரிய நிலையங்கள் சனவரியிலும் ஜூலையிலும் நடத்தும் உடைக் காட்சிகளுக்கு அழைப்பின்றி நுழைய இயலாது. அதற்காக வருந்தத் தேவையில்லை. நகராட்சியின் உடை நூதனசாலையாகிய கலியெரா மாளிகையில், பழைய உடைகளை மிக அருகில், மங்கிய வெளிச்சத்தில் நின்று பார்க்கலாம். வெளிச்சம் சாயத்தைத் தின்றுவிடும் என்பதால் விளக்குகள் தணித்து வைக்கப்பட்டுள்ளன. கண் பழகியபின், தையலின் ஒவ்வொரு முடிச்சும் தெரியவரும்.

நான்காம் நாளைப் பாரிஸுக்கு வெளியே, வெர்சாய்க்கு அண்மையிலுள்ள ஷூயி கிராமத்துக்கு ஒதுக்கவேண்டும். இப்பயணத்தில் தமிழர்க்கு மிக நெருங்கிய பகுதி இதுவே. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவின் சீத்தைத் துணிகள் பிரான்சில் வந்து குவிந்தன. சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட துணிகள் அவற்றுட் சிறந்தவை. மெல்லிய பருத்தி, கண்கவர் பூவேலை, எத்தனை முறை வெளுத்தாலும் போகாத சிவப்பு: ஐரோப்பியருக்கு அத்தகைய சாயமிடுதல் தெரியாதிருந்தது. பட்டு, கம்பளி நெய்வோர் முறையிட்டனர். 1686ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னரின் அரசாங்கம் அத்துணிகளின் இறக்குமதியையும், பிரான்சிலே அவற்றைப் போலச் செய்வதையும் தடுத்தது. தடை 1759 வரை நீடித்தது. பெருங்குடிப் பெண்கள் தடையைப் பொருட்படுத்தவில்லை; கள்ளக் கடத்தல் பெருகிற்று.

இரகசியத்தை அறிய ஐரோப்பியர் முயன்றனர். தென்னிந்தியாவிற் பணிபுரிந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுக் குருவானவர், தம் சபையிற் சேர்ந்த துணி எழுதுவோரிடம் கேட்டறிந்து, 1742ஆம் ஆண்டு அம்முறையை விரிவாக எழுதி அனுப்பினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்தல், இரும்புக் காடியாற் கரிய கோடிடுதல், படிகாரம் தடவிய இடத்திற் சிவப்பை ஏற்றுதல், அவுரி நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மறைத்தல் ஆகியவை அதில் உள்ளன. சிவப்பைத் தந்தது சாயவேர். மணற்பாங்கான நிலத்தில் வளரும் அச்சிறு செடியின் வேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் அதன் வருமானத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். வேர் தோண்டியோரின் பெயரும் துணி எழுதியோரின் பெயரும் எந்தச் சீட்டிலும் இல்லை.

தடை நீங்கிய மறுவருடம், 1760இல், ஜேர்மன் நாட்டிற் பிறந்த ஓபர்காம்ப் என்னும் இளைஞர் ஷூயியில் பியெவர் ஆற்றங்கரையிலே அச்சுத்துணிச் சாலையை நிறுவினார். அங்கு மரக்கட்டைகளாலும் பின்னர் செப்புத் தகடுகளாலும் அச்சிட்ட துணிகள் உலகப் புகழ் பெற்றன. கிராமத்து நூதனசாலையில் அவை காக்கப்படுகின்றன. ஷூயித் துணி தனிப் பிரெஞ்சுக் கலை என்றே கடைகளிற் சொல்லப்படும். அங்குள்ள பழைய பூங்கொடி வடிவங்களைக் கண்ட மாணவி அதை முழுவதும் நம்பமாட்டாள்.

அந்தத் தொடர்பு இன்றும் அறுந்துவிடவில்லை. பாரிஸின் வடகிழக்கு எல்லையில், பூவேலை, இறகுவேலை முதலிய சிறுதொழிற் கூடங்களை ஒருங்கே கொண்ட ஒரு பெரிய கட்டடம் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ளது. புகழ்பெற்ற லெசாஜ் பூவேலைக் கூடமும் அங்கேயே உள்ளது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1993இல் சென்னையில் ஒரு கூடத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு மாளிகைகளை அலங்கரிக்கும் பூவேலைகள் அங்கே சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஆக்கப்படுகின்றன. தியோர் நிலையம் பல்லாண்டுகளாக மும்பாய்ப் பூவேலைக்காரரிடம் வேலை வாங்கி, 2023 மார்ச்சில் அந்நகரிலேயே ஒரு காட்சியையும் நடத்தியது. அக்காட்சி அவ்வேலைக்காரரை வெளிப்படையாகப் பாராட்டியது. சட்டைக் கழுத்தின் சீட்டிலோ இன்னும் பழைய வழக்கமே.

கடைசி நாள் எஞ்சிய பணத்துடன் மொன்மார்த்ர் குன்றின் அடிவாரத்திலுள்ள சேன் பியேர் துணிச்சந்தைக்குச் செல்லலாம். மேலே சக்ரே கேர் ஆலயத்தின் வெண்குவிமாடம். கீழே கடைதோறும் துணிக் குவியல்கள். மூன்று மீற்றர் அளவில் வெட்டிய துண்டுகள் மலிவாக விற்கப்படுகின்றன. பாரிஸ் மாணவரும் தையற்காரரும் அங்கேதான் துணி தேடுகின்றனர். துணியின் ஓரத்தைக் கிழித்து இழையை முறுக்கிப் பார்ப்பதற்கு அங்கே எவரும் கோபிப்பதில்லை. துவால் தைத்துப் பழக விரும்பும் மாணவிக்கு, வெளுக்காத பருத்தித்துணியும் வேண்டிய அளவு அங்கே கிடைக்கும்.